வானத்துக்கும் மாடிகள் உண்டு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் சேரும் நேரம். லயத்து வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். புகை நேராக மேலே போகும். ரப்பர் மரங்களின் உச்சியை எட்டியதும் தயங்கி நிற்கும். பிறகு இரு பக்கமும் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆனதும் அந்தப் பாய் இருந்த இடம் தெரியாமல் கலைந்துபோகும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை அந்தப் புகையைத் தடுத்தது. அந்தக் கூரையை அமைத்தது யார்? அது ஏன் காலையில் இருக்கிறது, பகலில் இல்லை? அதற்கு மேலும் கூரைகள் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண மனிதனுக்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றில் நம் ஜொகூர் வானத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஜொகூர் மக்கள் அதற்குக் கொடுத்த விலையும் உண்டு.

மலையேறிய பாதரசம்

வானம் முழுவதும் ஒன்றல்ல என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 30 ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், காற்று திரிகின்ற திசையையும் வெறுமையாய் நிற்கும் வானையும் தனித்தனியே எண்ணுகிறார். அவற்றை நேரில் போய் அளந்து வந்தவர்போல் சொல்பவர்களும் உண்டு என்கிறார். இதை வைத்துக்கொண்டு அன்றே தமிழர் வளிமண்டலத்தை அளந்துவிட்டார்கள் என்று மார்தட்டத் தேவையில்லை. புலவர் பிரித்து எண்ணினார். அளக்கக் கருவி வேண்டும். அந்தக் கருவி வர நெடுங்காலம் ஆயிற்று.

1643 இல் இத்தாலியின் டொரிசெல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு காற்றுக்கும் எடை உண்டு என்று காட்டினார். 1648 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பஸ்காலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே அதே கருவியைப் புய் தெ தோம் என்ற மலையின் உச்சிக்குத் தூக்கிச் சென்றார். ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. மேலே போகப் போகக் காற்று குறைகிறது என்பது அன்று உறுதியாயிற்று.

குறைவது காற்று மட்டுமல்ல, வெப்பமும்தான். இதற்கு நம் ஊர் மலையே சாட்சி. குனோங் லேடாங்கின் உயரம் 1,276 மீட்டர். அடிவாரத்தில் வியர்வை சொட்ட ஏறத் தொடங்குபவர்கள் உச்சியில் குளிரில் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறைவதே காரணம். காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் வெயில் காய்ச்சிய தரைதான். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும் அல்லவா?

அப்படியானால் மேலே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போகுமா? 19 ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 1862 செப்டம்பர் 5 ஆம் நாள் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்து ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல் என்ற இருவர் பலூனில் ஏறினார்கள். ஏறக்குறைய 8,800 மீட்டர் உயரத்தில் கிளெய்ஷர் நினைவிழந்தார். காக்ஸ்வெல்லின் கைகள் குளிரில் விறைத்துவிட்டன. வாயுவைத் திறந்துவிடும் கயிற்றை அவர் பல்லால் கடித்து இழுத்தார். பலூன் இறங்கியது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

அண்டை வீட்டில் வெடித்த மலை

மனிதனால் போக முடியாத உயரத்துக்கு ஒரு மலை போயிற்று. 1883 ஆகஸ்ட் 27 ஆம் நாள் ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே கிரகத்தாவ் எரிமலை வெடித்தது. 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 800 கிலோமீட்டருக்கு அப்பால் சிங்கப்பூரில் அந்த ஓசையைக் கேட்டவர்கள், ஆபத்தில் சிக்கிய கப்பல் பீரங்கி முழக்கி உதவி கேட்பதாக எண்ணித் தேடுவதற்கு இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பினார்கள். வெடிப்பின் அழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றி வந்ததை எங்கெங்கோ இருந்த காற்றழுத்தமானிகள் பதிவு செய்தன.

வியப்பு அதோடு முடியவில்லை. கீழே கொட்டிய சாம்பலை மழை சில நாள்களில் கழுவிவிட்டது. ஆனால் மிக உயரத்துக்குப் போன நுண்துகள்கள் விழவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றி வந்தன. பல மாதங்கள், பல நாடுகளில் அந்தி வானம் இரத்தச் சிவப்பாகக் காட்சி தந்தது. மழையும் மேகமும் எட்டாத ஒரு மாடி மேலே இருக்கிறது என்பதற்கு அது சான்று. அன்று அதைப் புரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

புரியவைத்தவர் பிரான்ஸ் நாட்டின் தெசெரான் தெ போர். ஆளில்லாத பலூன்களில் கருவிகளைக் கட்டி அனுப்பினார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பம் குறைவது நின்றுவிட்டதாகக் கருவிகள் காட்டின. அவர் உடனே முரசு கொட்டவில்லை. வெயில் பட்டுக் கருவி பொய் சொல்கிறதோ என்று ஐயுற்று இரவிலும் பலூன் விட்டுப் பார்த்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே, 1902 ஏப்ரலில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஜெர்மனியின் ரிச்சர்ட் அஸ்மானும் சில நாள்களில் அதையே அறிவித்தார். கீழ் மாடிக்கு ட்ரோபோஸ்பியர் என்றும் மேல் மாடிக்கு ஸ்ட்ராடோஸ்பியர் என்றும் தெசெரான் தெ போர் பெயர் வைத்தார். தமிழில் கீழடுக்கு, மீளடுக்கு என்கிறோம்.

மேல் மாடியில் வெப்பம் ஏன் குறையவில்லை? அங்கே ஓசோன் என்ற வாயு இருக்கிறது. அது சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு சூடேறுகிறது. ஆக, குளிர்ந்த காற்றின் மேல் அதைவிடச் சூடான காற்று படுத்திருக்கிறது. கீழேயிருந்து ஏறும் காற்று சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் ஏறும். தன்னைவிடச் சூடான காற்று எதிர்ப்பட்டால் நின்றுவிடும். அதுவே மூடி.

லயத்து அடுப்புப் புகைக்கும் இதே கதைதான். இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்குச் சற்று மேலே பகல் சூட்டை இன்னும் விடாத காற்று. அந்தச் சிறு மூடி வெயில் ஏறியதும் கலைகிறது. மேலே உள்ள பெரிய மூடி கலைவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

நம் தலைக்கு மேல் உயர்ந்த கூரை

அந்தப் பெரிய மூடி உலகெங்கும் ஒரே உயரத்தில் இல்லை. துருவங்களில் 8, 9 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் 16, 17 கிலோமீட்டர். பதின்மூன்று லேடாங் மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஜொகூரின் கூரையைத் தொடலாம். வெயில் மிகுந்த நாட்டில் காற்று பொங்கி உயர்கிறது, கூரையும் உயர்கிறது.

உயரம் கூடியதால் குளிரும் கூடிற்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு அறிஞர் வான் பெம்மெலன் தலைமையில் பலூன்கள் விடப்பட்டன. ஐரோப்பாவில் கண்டதைவிடக் கடுங்குளிர், மைனஸ் 90 டிகிரியை ஒட்டிய குளிர், வெப்ப நாடான ஜாவாவின் உச்சி வானத்தில் இருந்தது. 1949 இல் பிரிட்டனின் ஆலன் புரூவர் இதன் பொருளை விளக்கினார். மீளடுக்கு ஏன் அவ்வளவு வறண்டு கிடக்கிறது? அங்கே போகும் காற்று வெப்ப நாடுகளின் இந்தக் குளிர் வாசல் வழியாகத்தான் நுழைகிறது. நுழையும்போதே ஈரம் உறைந்து கீழே தங்கிவிடுகிறது. உலகின் மேல் மாடிக்குப் படிக்கட்டு வெப்ப நாடுகளில்தான் உள்ளது. நம் வட்டாரத்து வானம் அதில் ஒரு முக்கியமான படி.

இன்னொரு புதிரையும் நம் வட்டாரம் அவிழ்த்தது. கிரகத்தாவின் துகள்கள் கிழக்கிலிருந்து மேற்காகப் போயின. பின்னர் விடப்பட்ட பலூன்களோ அந்த உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கண்டன. எது சரி? இரண்டும் சரி என்று 1960 வாக்கில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ரீடும் பிரிட்டனின் எப்டனும் தனித்தனியே கண்டார்கள். அந்த உயரத்துக் காற்று ஏறக்குறைய 28 மாதங்களுக்கு ஒருமுறை திசை மாறித் திரும்புகிறது. 1976 முதல் உலக அறிஞர்கள் இந்த மாற்றத்தைக் கணிக்கப் பயன்படுத்துவது ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் விடப்படும் பலூன்களின் அளவுகளைத்தான்.

அதற்கு மேலும் மாடிகள் உண்டு. 50 கிலோமீட்டருக்கு மேல் இடையடுக்கு. எரிகற்கள் பெரும்பாலும் அதன் உச்சியை ஒட்டி எரிந்து சாம்பலாகின்றன. 85 கிலோமீட்டருக்கு மேல் வெப்ப அடுக்கு. சிற்றலை வானொலியில் இலங்கை ஒலிபரப்பைக் கேட்டு மகிழ்ந்த தலைமுறைக்கு அந்த அலைகளைத் திருப்பி அனுப்பியது அங்கேயுள்ள மின்னூட்டம் பெற்ற காற்றுதான். அதை ஆராய இந்தியா 1963 நவம்பர் 21 ஆம் நாள் கேரளத்தின் தும்பாவிலிருந்து தன் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவியது. 2007 அக்டோபரில் நம் நாட்டின் டாக்டர் ஷேக் முஸாபர் போய்த் தங்கிய அனைத்துலக விண்வெளி நிலையம் இந்த அடுக்கில்தான், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது.

மேல் மாடியில் விழுந்த ஓட்டை

ஓசோனை உலகெங்கும் அளக்கும் பணியை 1920களில் பிரிட்டனின் டாப்சன் தொடங்கினார். ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் அவருடைய கருவி போய்ச் சேர்ந்த சில இடங்களுள் தமிழ்நாட்டின் கொடைக்கானலும் ஒன்று. அந்த நெடிய அளவீட்டு மரபுதான் 1985 இல் பேருதவி செய்தது. தென்துருவத்துக்கு மேலே ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் வெகுவாகக் குறைகிறது என்று பார்மன், கார்டினர், ஷாங்ளின் ஆகிய மூவர் அறிவித்தார்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்புக் குப்பியிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன் வாயுக்களே காரணம். இவை ஓசோனைத் தின்னும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974 இலேயே எச்சரித்திருந்தார்கள்.

உலகம் என்ன செய்தது? 1987 செப்டம்பர் 16 ஆம் நாள் மொன்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியா 1989 இல் சேர்ந்தது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்தன. அந்த வாயுக்களின் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040 வாக்கில் 1980 ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழு 2023 ஜனவரியில் அறிவித்தது. கண்ணால் காண முடியாத, இருபது கிலோமீட்டருக்கு மேலே உள்ள ஒரு மாடியை மனித குலம் ஒன்றுபட்டுப் பழுது பார்த்தது.

இனிக் கீழே இறங்குவோம். மூக்குக்கு நேராக உள்ள காற்றுக்கு என்ன நடந்தது?

மூவாரின் ஞாயிற்றுக்கிழமை

2013 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்கு மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 ஐ எட்டியது. 100 ஐத் தாண்டினாலே உடலுக்குக் கேடு. 300 ஐத் தாண்டினால் பேராபத்து. அன்றே மூவாரிலும் அன்றைய லேடாங், இன்றைய தங்காக் மாவட்டத்திலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள்களுக்குப் பிறகே அது நீக்கப்பட்டது.

மூவாருக்கு ஏன் இந்தக் கதி? மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திராவின் ரியாவ் மாநிலத்தில் கரிச்சதுப்பு நிலம் எரிந்தது. ஜூன் மாதத் தென்மேற்குக் காற்று புகையை நேரே இக்கரைக்குத் தள்ளியது. கிரகத்தாவின் நெருப்பு தன் புகையைப் பெரிய கூரையையே துளைத்து அனுப்பியது. சதுப்பு நிலத் தீ அப்படியல்ல. மண்ணுக்குள் கனன்று கனன்று எரியும். சூடு குறைவு, புகை அதிகம். மேலே ஏறும் வலு இல்லாத அந்தப் புகை தரையை ஒட்டியே தவழ்ந்து வருகிறது. பகலில் அது கலக்கும் அடுக்கின் உயரம் ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர். இரவில் அந்தக் கூரை சில நூறு மீட்டருக்கு இறங்கிவிடும். அதே அளவு புகை சிறிய அறைக்குள் அடைபட்டால் என்ன ஆகும்? விடியற்காலைதான் மிக மோசமான நேரம். பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் கிளம்பும் நேரமும், பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் நேரமும் அதுவே.

இது எதிர்பாராத விபத்தா? இல்லை. 1997 செப்டம்பரில் சரவாக்கில் குறியீடு 800 ஐத் தாண்டி அவசர நிலை வந்தது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் வந்தது. 1997 க்குப் பிறகு சில ஆண்டுகள் குறியீட்டு எண்களையே மக்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள்; சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள் என்ற அச்சம். தான் சுவாசிக்கும் காற்றின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை 2005 ஆகஸ்டில்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நுரையீரலின் ஆழத்துக்குள் போகும் மிக நுண்ணிய துகள்கள் குறியீட்டுக் கணக்கில் சேர்ந்ததோ 2018 இல்.

ஆசியான் நாடுகள் 2002 ஜூனில் கோலாலம்பூரில் புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீ எரியும் நாடான இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014 இல். பன்னிரண்டு ஆண்டுகள்! அந்த ஒப்பந்தத்தில் மீறுபவரைத் தண்டிக்க வழியும் இல்லை. பழியை முழுவதும் அக்கரையில் போட்டுவிடவும் முடியாது. தீப்பிடித்த நிலங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடு உள்ள தோட்டங்களும் இருப்பதாக இந்தோனேசிய அதிகாரிகள் 2013 இல் கூறினார்கள். வெளிநாட்டில் தீ வைத்துத் தன் நாட்டில் புகை கிளப்பும் நிறுவனத்தைத் தண்டிக்கச் சிங்கப்பூர் 2014 இல் சட்டம் இயற்றியது.

தரையோடு தவழ்ந்த நச்சு

மூவார் பாடம் போதாதென்று பாசிர் கூடாங் இன்னும் கீழே நடந்த கதையைச் சொன்னது. 2019 மார்ச் 7 ஆம் நாள் சுங்கை கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து மயங்கினார்கள். சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். மார்ச் 13 ஆம் நாள் அந்த மாவட்டத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அங்கே கண்டறியப்பட்ட பென்சீன், டொலுவீன் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. பள்ளத்தைத் தேடித் தரையோடு தவழும். அந்த உயரத்தில் இருப்பவர்கள் குழந்தைகள்.

நேயர்களே, இந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மேல் மாடியின் ஓட்டை 1985 இல் தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில் உலகம் ஒப்பந்தம் செய்தது. மாற்றுப் பொருள் கிடைத்தது, அளவீடு எல்லார் பார்வைக்கும் வைக்கப்பட்டது, மீறினால் கேட்க ஆள் இருந்தது. கீழ் மாடியின் புகை 1997 இலிருந்து கண்ணுக்கே தெரிகிறது. இங்கே தீ வைப்பது மலிவாக இருக்கிறது, அளவீடு ஒளித்து வைக்கப்பட்டது, மீறுபவரைக் கேட்க ஆள் இல்லை. அறிவியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மனிதர் நடந்துகொண்ட விதம்தான் வேறு.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. புகைமூட்ட நாள்களில் விடியற்காலை நடைப்பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். இரவிலும் அதிகாலையிலும் சன்னலை மூடி வையுங்கள். பிள்ளை பள்ளிக்குக் கிளம்புமுன் அன்றைய குறியீட்டு எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை இன்று யாரும் ஒளிப்பதில்லை. எண் 200 ஐத் தாண்டியும் பள்ளி திறந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். கழிவு லாரி ஆற்றோரம் நின்றால் புகார் செய்யுங்கள்.

ஜொகூரின் பெரிய கூரை பதின்மூன்று லேடாங் உயரம். ஆனால் விடியற்காலையில் நாம் மூச்சு விடுவது லயத்து அடுப்புப் புகை முட்டி நின்ற அந்தச் சின்னக் கூரையின் கீழேதான். அங்கே விடும் புகைக்குப் போக வேறு இடமில்லை.